அறைக்கு வந்த கம்பி

என் தங்கையின் மகன் அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையில் படிக்கப் போனது 2004-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் டெலிபோனில் கூப்பிட்டான். சாப்பாடு எப்படி, குளிர் ஆரம்பித்துவிட்டதா என்று நான் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுத் தன் குறையை எடுத்து வைத்தான்.

"அறைச் சாவியை ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டார்கள், மாமா. கையெழுத்துப் போட்டேன், வாங்கிக்கொண்டேன். ஆனால் என் கம்ப்யூட்டரைச் சுவரில் இருக்கிற கம்பியில் மாட்டினால் ஒரே ஒரு பக்கம்தான் வருகிறது. 'நீ யார், இது யாருடைய யந்திரம்' என்று கேட்டது. சொன்னேன். அப்புறம் அதைச் சோதனை போட்டுப் பார்த்துவிட்டு, 'இதற்கு நோய் வரக்கூடும், தனியாக இருக்கட்டும்' என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இரண்டு நாளாயிற்று! ஊருக்கு ஒரு கடிதம் அனுப்ப முடியவில்லை. என்னை நம்பவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்?"

அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்கும் எனக்கும் அந்த நாளில் இருந்த உறவு, எதிர்வீட்டு நாய்க்கும் எனக்கும் இருந்த உறவுதான். ஒருவரை ஒருவர் தெரியும், நெருங்குவதில்லை. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று பெரியவர்கள் வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைச் சொல்லி வைத்தேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. பிறகு அவகாசம் கிடைத்தபோதெல்லாம் இந்தச் சங்கதியைத் தேடிப் படித்தேன். கம்பி இழுப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஒரு கலாசாலை தன் பிள்ளைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் நாற்பது வருஷமாக வழக்கு நடந்திருக்கிறது.

வழக்கு ஆரம்பமான இடம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில், ஹானோவர் என்ற சிற்றூர். அங்கே கனெக்டிகட் நதிக்கரை ஓரமாக டார்ட்மத் காலேஜ் என்று ஒரு பழைய கலாசாலை இருக்கிறது. 1769-இல் ஸ்தாபித்தது. ஊரில் பனியும் மரமும் மாணவர்களும்தான் அதிகம். 1950-களின் பிற்பகுதியில் அங்கே கணித ஆசிரியராக இருந்த தாமஸ் கர்ட்ஸ் என்பவர், கணக்குப் போடுவதற்காக ரயில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். வேடிக்கை இல்லை. கலாசாலையில் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. சுமார் 130 மைலுக்கு அப்பால் பாஸ்டனை ஒட்டியிருந்த எம்.ஐ.டி.யில்தான் இருந்தது. ஆகவே, துளை போட்ட அட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு, விடியற்காலை ரயிலைப் பிடித்து அங்கே போவார். அட்டைகளை யந்திரத்தில் கொடுப்பார். விடை வருவதற்குள் பிழை ஒன்று அகப்பட்டால் அதைத் திருத்தி மறுபடி கொடுப்பார். சாயங்காலம் ரயிலேறித் திரும்புவார். ஒரு கமா விட்டுப்போனதற்காக ஒரு பிரயாணம் வீணாவது என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கணித இலாகாவின் தலைவர் ஜான் கெமனி. 1926-இல் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் நிழல் ஹங்கேரியின் மேல் விழத் தொடங்கியதும், 1940-இல் குடும்பம் அமெரிக்கா வந்து சேர்ந்தது. இருபது வயது நிரம்புவதற்கு முன்பே லாஸ் அலமாஸில் அணுகுண்டுக்காகக் கணக்குப் போட்ட கோஷ்டியில் இருந்தார். பிறகு பிரின்ஸ்டனில் படிக்கும்போது ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளர். இவ்வளவு பெரிய இடங்களில் பழகிய மனிதர், பனியில் மூழ்கிக் கிடந்த அந்தச் சிறிய காலேஜில் வந்து உட்கார்ந்துகொண்டு ஒரு விசித்திரமான யோசனை செய்தார். டார்ட்மத்தில் படிக்கிறவர்களில் சுமார் கால் பங்குப் பேர்தான் விஞ்ஞானமும் என்ஜினியரிங்கும் எடுக்கிறவர்கள். மற்ற முக்கால் பங்கும் சரித்திரம், இலக்கியம், பொருளாதாரம். நாளைக்கு ராஜாங்கத்திலும் கம்பெனிகளிலும் உட்கார்ந்து தீர்மானம் செய்யப் போகிறவர்கள் இந்த முக்கால் பங்குதான். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாமல் இவர்கள் அதைப் பற்றித் தீர்மானம் செய்தால் ஊர் என்ன ஆகும்? ஆகவே எல்லா மாணவர்களுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்.

அந்த நாளில் ஒரு கம்ப்யூட்டரின் விலை என்ன, அதற்கு என்ன ராஜ உபசாரம் என்பதை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருந்தால் ஆச்சரியமில்லை. யந்திரம் குளிர்சாதன அறையில் இருக்கும். அதைக் காவல் காக்கிறவர்கள் வெளியே ஒரு ஜன்னல் வைத்திருப்பார்கள். ஜன்னலில் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய் மறுநாள் வந்து விடை வாங்கிக்கொள்ள வேண்டும். தாலுக்கா ஆபீசில் மனு கொடுக்கிற மாதிரிதான்.

கெமனிக்கு இதற்கு உபமானமாக அகப்பட்டது கலாசாலையின் புஸ்தகசாலை. டார்ட்மத்தில் புஸ்தக அலமாரிகள் திறந்தே இருக்கும். மாணவன் உள்ளே போகலாம், எந்தப் புஸ்தகத்தையும் எடுக்கலாம், பிரிக்கலாம், வைக்கலாம். எதற்காக எடுக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு புஸ்தகத்தைத் தொட்டதற்கு இவ்வளவு காசு என்று பில்லும் போடுவதில்லை. கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் சற்று நேரம் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் படித்த கலாசாலையின் புஸ்தகசாலை நினைவுக்கு வந்தது. கண்ணாடி பீரோக்கள், அவற்றுக்குப் பூட்டுகள், பூட்டுகளின் சாவிக்கொத்து ஒருவருடைய இடுப்பில். மூன்று புஸ்தகங்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், 'இது உனக்கு எதற்கு?' என்ற பார்வையோடு ஒன்று வரும். கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகிலிருந்த பெயர்களை மட்டும் வாசித்துவிட்டு வந்த புஸ்தகங்கள் எத்தனையோ. அவற்றில் சிலவற்றை இன்றுவரை நான் படிக்கவில்லை. கெமனி சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது, பூட்டிய பீரோவின் முன் நின்றவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒரு யந்திரத்தை அத்தனை பேருக்கும் எப்படிக் கொடுப்பது? அதற்கு வழி சொன்னவர் முன்பு டார்ட்மத்திலேயே வேலை பார்த்து எம்.ஐ.டி.க்குப் போயிருந்த ஜான் மக்கார்த்தி. 'நேரத்தைப் பங்கு போடுங்கள்' என்று கர்ட்ஸிடம் சொன்னாராம். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஆள், ஒரே சாம்பார் வாளி. ஆனால் கை சுறுசுறுப்பாக இருந்தால், ஐம்பது இலைக்காரர்களில் ஒவ்வொருவரும் தம்மைத்தான் அவர் தனியாகக் கவனிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். யந்திரமும் அப்படியே ஒருவர் கணக்கில் இம்மித்துளி நேரம், அடுத்தவர் கணக்கில் இம்மித்துளி நேரம் என்று வளைய வர வேண்டியது. யோசனை மக்கார்த்தியுடையது. அதைச் செய்து காட்டியவர்கள் யார் என்பதில்தான் டார்ட்மத்தின் தைரியம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளும் பெரிய ஆராய்ச்சிசாலைகளும் தலையை உடைத்துக்கொண்ட இந்த வேலையை, கெமனியும் கர்ட்ஸும் பட்டம்கூட வாங்காத இளைஞர்களிடம் ஒப்படைத்தார்கள். ராத்திரி முழுவதும் விழித்திருக்கச் சலியாத வயது என்பதும் ஒரு சௌகரியம்.

ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் யந்திரம் 1964-ஆம் வருஷத் தொடக்கத்தில் வந்தது. அந்த வருஷம் மே மாதம் 1-ஆம் தேதி, விடியற்காலை 4 மணிக்கு, இரண்டு டெலிடைப் பெட்டிகளிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு கணக்குகளை அதற்குக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் சரியான விடை வந்தது. கணக்குகள் எழுதப்பட்ட பாஷை 'பேசிக்'. அதுவும் கெமனியும் கர்ட்ஸும் மாணவர்களுக்காகவே செய்தது. பின்னால் உலகம் முழுவதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலில் கற்ற கம்ப்யூட்டர் பாஷையாக அது இருந்தது.

டெலிடைப் என்பது தந்தி ஆபீசில் இருந்த தட்டச்சு யந்திரத்தின் தம்பி. தடதடவென்று வினாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். மாணவன் உட்கார்ந்து 'ஹலோ' என்று அடிக்க வேண்டும். யந்திரம் அவன் எண்ணைக் கேட்கும். சொன்னால் வேலை ஆரம்பம். முடிந்ததும் விடை பெற்றுக்கொண்டு எழுந்து போகலாம். அந்த வருஷ இலையுதிர்காலத்திலேயே சுமார் இருபது பெட்டிகள் கலாசாலையில் பல இடங்களிலும் வைக்கப்பட்டன. முதல் வருஷத்துக் கணித வகுப்பில் சேர்ந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவற்றில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். விளையாடவும் செய்தார்கள். விளையாடினால் யந்திரம் கெட்டுவிடும், பிள்ளைகளும் கெட்டுவிடுவார்கள் என்று கெமனி தடுக்கவில்லை. அவரே அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை வைத்து ஒரு விளையாட்டு எழுதினார்! பிற்பாடு, 1970-இலிருந்து 1981 வரை, அந்தக் கலாசாலைக்கே அவர் தலைவராக இருந்தார். பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது அவர் காலத்தில்தான். தலைவரான பிறகும் வகுப்பில் பாடம் நடத்துவதை அவர் விடவில்லை.

இதுவரைக்கும் யந்திரம் கலாசாலையுடையது, கம்பியும் கலாசாலையுடையது, மாணவன் வருகிறான், போகிறான். 1984-இல் இந்த ஏற்பாடு தலைகீழாக மாறியது. அந்த ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியார் மக்கின்டாஷ் என்ற சிறிய கம்ப்யூட்டரை வெளியிட்டார்கள். கடையில் 2,495 டாலர். கலாசாலைகளுக்கு மட்டும் சலுகை விலையில் கொடுப்பதாகச் சில கலாசாலைகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். டார்ட்மத்தும் அவற்றில் ஒன்று. புதிதாகச் சேருகிறவர்கள் இதை வாங்கிக்கொள்வது நல்லது என்று சொல்லிவிட்டு, விடுதி அறைகளுக்கு டார்ட்மத் கம்பி இழுத்தது. வேறு இடங்களிலும் இதே பேச்சாக இருந்தது. நியூயார்க் ராஜ்யத்தில் கிளார்க்ஸன் என்ற சர்வகலாசாலை 1983-லேயே புதிய மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸெனித் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டது. பிட்ஸ்பர்கில் கார்னகி மெலன்காரர்கள் ஐ.பி.எம். கம்பெனியோடு சேர்ந்து தங்கள் வளாகம் முழுவதற்கும் ஒரே நெட்வொர்க் போட முனைந்தார்கள். 'தலையணைக்கு ஒரு துளை' என்பது சர்வகலாசாலைக்காரர்கள் இந்த விஷயத்தில் சொல்லுகிற கணக்கு. அறையில் இரண்டு பேர் படுத்தால் சுவரில் இரண்டு துளை.

டார்ட்மத் பிள்ளைகள் அந்தத் துளையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? கடிதம் எழுதினார்கள். 1980-களின் கடைசியில் கலாசாலையார் 'பிளிட்ஸ்மெயில்' என்று ஒரு தபால் முறையைத் தாங்களே செய்து கொடுத்தார்கள். எந்த யந்திரத்தில் உட்கார்ந்தாலும் தன் தபாலைப் படிக்கலாம். சில வருஷங்களில் 'டெலிபோன் செய்' என்ற பேச்சே அந்த வளாகத்தில் தேய்ந்துபோய், 'பிளிட்ஸ் பண்ணு' என்பது வழக்கமாகிவிட்டது. சாப்பிடப் போகலாமா என்று அடுத்த அறைக்காரனைக் கேட்பதும் கடிதத்தில்தான். எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1984-இல் நடந்த மாறுதலில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. கம்பி கலாசாலையுடையது, அதன் முனையில் இருக்கும் யந்திரம் மாணவனுடைய கையில். அவன் அதைத் திறக்கலாம், மூடலாம், உள்ளே என்ன வேண்டுமானாலும் போடலாம். வீட்டுக்குள் வந்தவர் யார், அவர் மடியில் என்ன இருக்கிறது என்று கலாசாலைக்கு எப்படித் தெரியும்?

இதை எல்லோருக்கும் முன்னால் கூர்மையாக யோசித்தவர்கள் எம்.ஐ.டி.காரர்கள். 1983-இல் அவர்கள் 'ஆதீனா' என்ற பெயரில், இரண்டு பெரிய கம்பெனிகளின் உதவியோடு, வளாகம் முழுவதும் மாணவர்களுக்கான கம்ப்யூட்டர்களை வைத்து ஒன்றோடொன்று இணைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். வேறு ஊராக இருந்தால் ஒவ்வொரு யந்திரத்துக்கும் பலமான பூட்டுப் போட்டிருப்பார்கள். இவர்களுக்குத் தங்கள் பிள்ளைகளைத் தெரியும். எந்தப் பூட்டைப் போட்டாலும் ராத்திரிக்குள் திறந்துவிடுவார்கள்! ஆகவே பொது அறைகளிலிருந்த யந்திரங்களின் தலைமைச் சங்கேத வார்த்தையை ரகசியமாக வைக்கவே இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். யந்திரத்தை நம்புவதே இல்லை என்று ஒரு முடிவு செய்துகொண்டு, ஆளை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளும் வழியைத் தேடினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 'கெர்பராஸ்'. கிரேக்கப் புராணத்தில் பாதாள லோகத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. (நம்முடைய யமனுக்கு நாய் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் கண் நான்கு. காவல் விஷயத்தில் இரண்டு தேசத்தாரும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள்.) மாணவன் தன் சங்கேத வார்த்தையைத் தட்டுகிறான். அந்த வார்த்தை கம்பியில் போகவே போகாது. போனால் வழியில் யாராவது ஒட்டுக் கேட்கலாம் அல்லவா? வாசல் காவலனிடமிருந்து, சில மணி நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு டிக்கெட் பூட்டிய உறையில் வரும். உரியவனுடைய வார்த்தை தெரிந்தால்தான் உறை பிரியும். அந்த டிக்கெட்டைக் காட்டித் தபால் வாங்கலாம், அச்சடிக்கலாம், தன் கோப்புகளை எடுக்கலாம். நேரம் ஆனதும் டிக்கெட் காலாவதி. மாணவர்களின் சாமர்த்தியத்துக்குப் பயந்து செய்த இந்த ஏற்பாட்டைப் பிற்காலத்தில் பெரிய பெரிய கம்பெனிகளின் ஆபீஸ்களெல்லாம் எடுத்துக்கொண்டன. சந்தேகமும் மரியாதையும் கலந்த ஒரு சந்தேகம் இது. அதனால்தான் நன்றாக அமைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சாமர்த்தியத்துக்குப் பயந்தது வீண்போகவும் இல்லை. 1988-ஆம் வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி இரவு, தன்னைத் தானே பிரதி எடுத்துக்கொண்டு யந்திரத்துக்கு யந்திரம் தாவும் ஒரு சிறு புரோகிராம் கிளம்பி, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை மூச்சுத் திணற வைத்தது. அனுப்பியவர் கார்னெல் சர்வகலாசாலையின் பட்ட மேற்படிப்பு மாணவர். தான் இருக்கும் இடம் தெரியாமலிருக்க எம்.ஐ.டி. யந்திரம் ஒன்றிலிருந்து அதை விட்டிருந்தார். அவருடைய தகப்பனார் சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிலையத்தில் தலைமை விஞ்ஞானி! கோர்ட்டில் மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதித்தார்கள். பின்னால் அவரே எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். இதைக் கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

1990-களில் விடுதிக்கு விடுதி 'ஈதர்நெட்' கம்பி போட்டார்கள். வீட்டில் டெலிபோன் வழியாக இணைத்தவனுக்குக் கிடைத்ததைப்போல் முந்நூறு மடங்கு வேகம். கல்லூரி திறக்கும் வாரத்தில் மூத்த மாணவர்கள், கையில் திருப்புளியும் பிளாப்பி டிஸ்குகளுமாக அறை அறையாகப் போய், புதியவர்களின் கம்ப்யூட்டரைத் திறந்து அட்டையைப் பொருத்தி, எண்களை அடித்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். கூட்டம் பெருகியதும் இது கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே கொடுத்த தனி எண் ஒன்று உண்டு. புதிய எண் கம்பியில் தென்பட்டால் அதை வேறெங்கும் விடாமல் ஒரு பதிவுப் பக்கத்துக்கு மட்டும் அழைத்துப் போவது, பெயரைச் சொன்ன பிறகு கதவைத் திறப்பது என்று ஒரு முறையை அந்தப் பத்தாண்டின் கடைசியில் டெக்ஸாஸில் ஸௌத்வெஸ்டர்ன் என்ற சிறிய சர்வகலாசாலை செய்தது. மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். என் மருமகனை 'நீ யார்' என்று கேட்ட பக்கத்தின் பூர்வோத்தரம் இதுதான்.

வேகம் வந்ததும் பாட்டு வந்தது. 1999-ஆம் வருஷம் ஜூன் மாதம், பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் சர்வகலாசாலையின் படிப்பைப் பாதியில் விட்ட ஷான் பானிங் என்ற இளைஞர், ஒருவர் கம்ப்யூட்டரிலிருக்கும் பாட்டை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும்படி 'நாப்ஸ்டர்' என்ற ஏற்பாட்டை வெளியிட்டார். டெலிபோன் கம்பியில் ஒரு பாட்டு வந்து சேரக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். விடுதிக் கம்பி காலியாக இருந்தால் நாலைந்து வினாடி. கேட்கவும் வேண்டுமா? ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அறைக்கு அறை வாய்க்கால் அகலமானது. வளாகத்திலிருந்து வெளியுலகுக்குப் போகும் மதகு மட்டும் ஒன்றே ஒன்று, குறுகலானது. ஆயிரம் வாய்க்காலும் ஒரே மதகில் முட்டின. ஆராய்ச்சிக்காரர்களின் கடிதங்கள் பாட்டுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. 2000-ஆம் வருஷ ஆரம்பத்தில் பல கலாசாலைகள் நாப்ஸ்டரைத் தடுத்தன. ஏப்ரலில் மெடாலிக்கா என்ற வாத்திய கோஷ்டியார் நாப்ஸ்டர்மேல் வழக்குப் போட்டபோது, யேல், இந்தியானா, தெற்குக் கலிபோர்னியா ஆகிய மூன்று சர்வகலாசாலைகளையும் பிரதிவாதிகளாகச் சேர்த்தார்கள். கம்பி கொடுத்தவனும் திருட்டுக்கு உடந்தை என்பது வாதம்.

2003 ஏப்ரலில் வழக்கு மாணவர்கள்மேலேயே வந்தது. பிரின்ஸ்டன், ரென்ஸலியர், மிச்சிகன் டெக் ஆகிய இடங்களில் நான்கு மாணவர்கள், தங்கள் வளாக நெட்வொர்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் வசதி செய்திருந்தார்கள். இசைத்தட்டுக் கம்பெனிகள் அவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தன. ஆளுக்கு 12,000 முதல் 17,500 டாலர் வரை கட்டுவதாக ராஜி ஆயிற்று. பாட்டுக்காரனுக்கு அவன் கூலி சேர வேண்டும் என்பதில் எனக்கு வேறு அபிப்பிராயம் இல்லை. புஸ்தகம் எழுதி விற்கிற நான் எப்படி மறுக்க முடியும்? ஆனாலும் இருபது வயதுப் பையன் ஒருவன், விடுதி அறையில் தானே செய்து பார்த்த வேலைக்காக அத்தனை டாலரைக் கட்டினான் என்பதைப் படிக்கும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது. 1964-இல் இதே சாமர்த்தியத்தைத்தான் கெமனி கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

அந்த வருஷம் ஆகஸ்டில்தான் உண்மையான விபத்து நேர்ந்தது. விண்டோஸில் ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டு, மைக்ரோசாப்ட் கம்பெனியார் ஜூலை 16-ஆம் தேதியே அதை அடைக்கும் ஒட்டை வெளியிட்டார்கள். கோடை விடுமுறையில் வீட்டிலிருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்? ஆகஸ்டு 11-ஆம் தேதி 'பிளாஸ்டர்' என்ற புழு கிளம்பியது. இது வருவதற்கு மாணவன் எதையும் திறக்க வேண்டாம், தொட வேண்டாம். கம்பியில் மாட்டினால் போதும். பக்கத்து அறையிலிருந்து வந்துவிடும். திரையில் அறுபது வினாடி எண்ணிக்காட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும். ஒரு வாரம் கழித்து 'வெல்ச்சியா' என்று இன்னொரு புழு. இது ஒரு பரோபகாரி! பிளாஸ்டரைத் தேடி அழித்து, ஒட்டையும் தானே வாங்கிப் போட்டுவிட்டு, 2004 பிறந்ததும் தன்னையும் அழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டது. ஆனால் உபகாரம் செய்ய ஆள் தேடி அது போட்ட கூச்சலில், முதல் புழுவால் வந்ததைவிட நெட்வொர்க்குகள் அதிகமாக ஸ்தம்பித்தன. ஊருக்கு நல்லது செய்யப் புறப்படும் சிலரை இது எனக்கு ஞாபகப்படுத்தியது.

இந்தச் சமயத்தில்தான் கலாசாலைகள் திறந்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் காரிலிருந்து கம்ப்யூட்டரை இறக்குகிறார்கள். மருந்து வாங்க வேண்டுமானால் கம்பியில் மாட்ட வேண்டும். மாட்டினால் மருந்து வருவதற்குள் நோய் வந்துவிடுகிறது. என்ன செய்வது? மருந்தைக் குறுந்தட்டில் பதிந்து அறைக் கதவுகளைத் தட்டிக் கொடுத்தார்கள். பிறகு, மருந்துக்கடைக்கு மட்டும் போகக்கூடிய ஒரு தனி வழியைப் பிரித்து வைத்து, புதிதாக வருகிற யந்திரங்களையெல்லாம் முதலில் அதில் நிறுத்தினார்கள். கப்பலில் வருகிறவர்களைக் கரையில் இறக்குமுன் தனித் தீவில் வைப்பார்களே, அதே முறை. அடுத்த வருஷம் எங்கள் பையன் போய் இறங்கியபோது தீவு தயாராக இருந்தது. அவன் யந்திரம் சென்னையில் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து ஒரு ஒட்டும் போட்டதில்லை.

நம் தேசத்தில் வேறு விதமான காவலும் பார்த்திருக்கிறோம். 2007-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யார், விடுதி அறைகளில் இன்டர்நெட்டை இரவு 11 மணி முதல் மறுநாள் பகல் 12-30 மணி வரை நிறுத்தி வைத்தார்கள். பையன்கள் ராத்திரியெல்லாம் விழித்திருந்து காலை வகுப்புக்கு வருவதில்லை, ஒருவரோடொருவர் பழகுவதும் இல்லை என்பது காரணம். காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் டார்ட்மத்தில் அந்த இரண்டு கணக்குகளும் சரியாக வந்த நேரம் விடியற்காலை 4 மணி என்பதை நினைக்கும்போது, நான் யார் பக்கம் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கெமனி 1992-இல் காலமானார். அவரும் கர்ட்ஸும் யந்திரத்துக்காகக் கட்டிய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கர்ட்ஸ் 96 வயது வரை இருந்து, 2024 நவம்பரில் மறைந்தார். 'பேசிக்' பிறந்ததைச் சொல்லி 2019-இல் ஹானோவருக்குப் போகும் சாலை ஓரத்தில் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தார் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். வழக்கமாகப் போர்களுக்கும் தலைவர்களுக்கும் நடுகிற பலகை.

என் மருமகன் மூன்றாவது வருஷம் படிக்கும்போது, 2006-இல், கல்லூரி திறக்கிற வாரத்தில் மறுபடி கூப்பிட்டான். குரலில் களைப்புத் தெரிந்தது. புதிய மாணவர்களின் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் சேர்க்கும் வேலையை, மணிக்கு இவ்வளவு என்று கூலிக்கு, எடுத்துக்கொண்டிருந்தானாம். காலையிலிருந்து விடுதி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"ஒருத்தன் வந்து ஏகமாய்ச் சத்தம் போட்டான், மாமா. 'என்னை நம்பவில்லையா?' என்று கேட்டான்."

"நீ என்ன சொன்னாய்?"

"உன்னை நம்புகிறேன், உன் கம்ப்யூட்டரை இங்கே வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வா என்றேன். அவனும் வைத்துவிட்டுப் போனான். இன்னும் பதினேழு ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது, நான் அப்புறம் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு டெலிபோனை வைத்துவிட்டான்.